பதினாறாம் எண் சட்டை

 

விளையாட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஓடுவதும் ஆடுவதும் உடம்புக்கு நல்லது என்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அதை நான் வேறு வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இன்று ஒரு சட்டையைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள், புது டில்லியிலே இந்திய ஹாக்கிச் சங்கத்தார் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். முதுகில் 16 என்று எண் போட்ட சட்டையை இனிமேல் தேசிய மூத்தோர் குழுவில் எவருக்கும் கொடுப்பதில்லை என்பதே அந்த அறிவிப்பு. ஆட்டக்காரர் ஓய்வு பெறுவது உண்டு. இங்கே அவரோடு சேர்த்து எண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்! அந்த எண்ணைப் பார்த்தால் அவர் ஒருவர் நினைவுதான் வரவேண்டும் என்று இப்படிச் செய்வது பெரிய பெரிய குழுக்களிலே ஒரு மரியாதை.

யார் அவர்? கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலம் என்ற ஊரிலே ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. பெயர் ஸ்ரீஜேஷ். பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரத்து விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று எல்லாவற்றிலும் ஒரு கை பார்த்த பிறகே ஹாக்கிக் கோல் காவலர் ஆனார். கோல் காவலருக்குக் காலுக்குத் தடுப்பு, கைக்குத் தடுப்பு, தலைக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் வேண்டும். அவற்றின் விலை நம்ம வீட்டுக்கு எட்டுகிற விலையா? அந்தத் தகப்பனார் என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலே பால் கறந்த பசுவை விற்று மகனுக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தார். மாடு வளர்த்தவர்கள் இந்தச் சபையிலே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கறவை மாட்டை விற்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

அந்த மாடு வீண் போகவில்லை. 2021இல் தோக்கியோவில், ஜெர்மனியோடு 5-4 என்று இருக்கும்போது கடைசிச் சில விநாடியில் வந்த பெனால்டி கார்னர் அடியைத் தடுத்தவர் இவர்தான். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து வரும் பந்துக்கு எதிரே ஒரு மனிதன் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள்! இந்தியாவுக்கு ஹாக்கியில் 41 ஆண்டு கழித்துக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. (அதற்கு முன்பு 1980இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய குழுவுக்குத் தலைவர் நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன்.) 2024இல் பாரிசிலே பிரிட்டனோடு கால் இறுதி. ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 40 நிமிடத்துக்கு மேல் பத்துப் பேரோடு ஆடிச் சமன் செய்து, பெனால்டி ஷூட் அவுட்டில் வென்றார்கள். பிறகு ஸ்பெயினை 2-1 என்று வென்று மீண்டும் வெண்கலம். அதோடு அவர் சட்டையைக் கழற்றினார்.

அடடா, எல்லாம் இந்தியக் கதையாகவே இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அந்த ஸ்ரீஜேஷைத் தோற்கடித்த ஒரு கோல் காவலர் நம் நாட்டிலே உண்டு. தம்பினைச் சேர்ந்த சு. குமார். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரை இறுதியில் மலேசியாவும் இந்தியாவும் 2-2. ஷூட் அவுட் என்றால், ஒருவர் 23 மீட்டர் தூரத்திலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டு விநாடிக்குள் கோல் போட வேண்டும்; எதிரே கோல் காவலர் ஒருவர்தான். அந்தப் பக்கம் ஸ்ரீஜேஷ், இந்தப் பக்கம் குமார். 7-6 என்று முடிந்தது, வென்றது நாம்! 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில், இதே இந்தியாவிடம் அரை இறுதியில் 3-2 என்று தோற்றோமே, அதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சட்டைக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் பெண்கள் குழுவிலும் 28ஆம் எண்ணுக்கு இதே மரியாதையைச் செய்தார்கள். அந்தச் சட்டைக்காரி ராணி ராம்பால், ஹரியானாவில் வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நாள்தோறும் 500 மில்லி பால் கொண்டுவர வேண்டுமாம். வீட்டில் வாங்க முடிந்தது 200 மில்லி. அந்தப் பெண் யாருக்கும் சொல்லாமல் தண்ணீர் கலந்து எடுத்துப் போயிருக்கிறாள். வீட்டிலே கடிகாரம் கிடையாது. தாயார் விடியுமுன் வானத்தைப் பார்த்து மணி கணித்து மகளை எழுப்பிவிடுவாராம். ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு விளையாட்டு’ என்று நம் வீடுகளில் இன்னும் கேட்கிறோமே, அந்தத் தாயாரையும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

இந்த வழக்கம் தொடங்கிய கதையையும் கேளுங்கள். கனடாவில் பனிக்கட்டித் தளத்தின் மேல் சறுக்கிக்கொண்டு ஒருவகை ஹாக்கி ஆடுகிறார்கள். 1933 டிசம்பரில் டொரோண்டோக் குழுவின் ஏஸ் பெய்லி என்பவரை, போஸ்டன் குழுவின் எடி ஷோர் பின்னாலிருந்து இடித்துத் தள்ளினார். பெய்லிக்கு மண்டை உடைந்து, உயிர் பிழைத்ததே பெரிய காரியமாயிற்று. ஆட்டம் அதோடு முடிந்தது. 1934 பிப்ரவரி 14இல் அவர் குடும்பத்துக்கு நிதி சேர்க்க ஓர் ஆட்டம் நடத்தினார்கள். அன்றுதான் அவருடைய 6ஆம் எண்ணை இனி யாரும் அணிவதில்லை என்று அறிவித்தார்கள். அதே திடலில் பெய்லி தம்மை இடித்த ஷோரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. முப்பத்து நாலு ஆண்டு அந்தச் சட்டை சும்மா இருந்தது. 1968இல் பெய்லியே, ரோன் எல்லிஸ் என்ற இளைஞரின் ஆட்டத்தைப் பார்த்து மனம் நிறைந்து, ‘என் எண்ணை இந்தப் பிள்ளை போட்டுக்கொள்ளட்டும்’ என்று கேட்டுக்கொண்டார். எல்லிஸ் ஓய்வு பெறும்வரை அந்த எண்ணிலேயே ஆடினார். மேலே மாட்டி வைப்பது மரியாதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்த்துப் பார்த்து ஒரு பிள்ளையின் கையிலே கொடுத்தாரே, அது எனக்கு இன்னும் ஒரு படி மேலாகத் தெரிகிறது. இந்தியாவிலும் 16ஆம் எண்ணை இளையோர் குழுவிலே நிறுத்தவில்லை. ஸ்ரீஜேஷையே அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்றுநர் ஆக்கினார்கள்.

பெரியவர்களே, எண் என்பது நமக்குப் புதிதா? செக்ரோல் புத்தகத்திலே நம் தாத்தா பாட்டிக்கும் ஒரு வரிசை எண் இருந்தது. விடியற்காலைப் பெரட்டிலே கிராணி கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. கித்தா மரத்தடியில் முப்பது வருஷம் நின்றவர் ஓய்ந்து உட்கார்ந்ததும், அந்த வரியிலே வேறொரு பெயர் ஏறிவிடும். அந்த எண்ணை யாரும் மாட்டி வைக்கவில்லை. இன்று பத்து காவானில் தோட்டம் இருந்த மண்ணிலே தொழிற்சாலைகள். 2000ஆம் ஆண்டிலிருந்து மாநில விளையாட்டரங்கம். 2014இல் தீவுக்குப் போக இரண்டாவது பாலமும் வந்துவிட்டது. அந்தச் செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின? யார் எந்த நிரையில் வெட்டினார்கள் என்று கேட்டால், இங்கே இருக்கும் நாலைந்து கிழவர்கள்தான் சொல்ல முடியும்.

அதனாலே ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். பள்ளிக் குழுவின் சட்டைகளைப் போட்டி முடிந்ததும் துவைத்து அலமாரியிலே அடுக்கி விடுகிறோம். அடுத்த வருஷம் பத்தாம் எண்ணுக்கு அடிபிடி. கோல் காவலர் சட்டையை மட்டும் ஒருத்தனும் தொடுவதில்லை. யார் எதைப் போட்டு ஆடினார்கள் என்று எங்கும் எழுதி வைப்பதுமில்லை. கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். எண், ஆண்டு, பெயர் என்று மூன்று கட்டம் கிழித்திருக்கிறது. பள்ளியை விட்டுப் போகிற பிள்ளை, அடுத்து யாருக்கு என்று தன் கையாலேயே அந்தப் பெயரை எழுதிவிட்டுச் சட்டையைக் கொடுக்கட்டும். கோல் காவலருக்கு முதல் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். புத்தகம் மேசை மேல், பரிசுக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.