நேற்று குடித்தனக்காரர், இன்று வீட்டுக்காரர்!

(பெங்களூரில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று எங்களைப் பேசச் சொன்ன பொருள் கைதட்டலுக்கு உரியதல்ல. வீட்டு வரி, கரண்டு பில், தண்ணீர் பில், இவ்வளவுதான். ஆனால் இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களில் பலர் சென்ற பத்து ஆண்டுகளுக்குள் தங்கள் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பி, முதன்முதலாக வாடகைக்கு விட்டவர்கள். நாங்களும் அப்படித்தான். எனவே தெரிந்தவர்கள் என்ற முறையில் அல்ல, தவறு செய்து பாடம் படித்தவர்கள் என்ற முறையில் பேச வந்திருக்கிறோம்.

நம் கதை எல்லாருக்கும் ஒன்றே. தருமபுரியிலிருந்தும், வேலூரிலிருந்தும், திருவண்ணாமலையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோம். பின்னி மில்லிலும், ஐ.டி.ஐ.யிலும், எச்.எம்.டி.யிலும், கட்டட வேலையிலும், வீட்டு வேலையிலும் நம் மக்கள் உழைத்தார்கள். நாங்கள் இருவரும் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு ஷீட் வீட்டில் குடியிருந்தோம். ஆறு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர். பல்புக்கு இவ்வளவு, ஃபேனுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாயால் சொல்வதுதான் கணக்கு. பில்லை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வாடகை ஐந்து நாள் தாமதமானால் குழாயில் தண்ணீர் நிற்கும். ரசீது கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

பிறகு வயிற்றைக் கட்டி, சீட்டுப் போட்டு, இருபதுக்கு முப்பது சைட் ஒன்று வாங்கினோம். கீழே நாங்கள் குடியேறினோம். பி.எஃப். பணம் வந்ததும் மேலே 500 சதுர அடியில் மோல்டிங் போட்டு இரண்டு சிறு வீடுகள் கட்டினோம். முதல் வாடகைப் பணம் கைக்கு வந்த அன்று நாங்கள் பெற்ற மகிழ்ச்சியை மறைக்கவில்லை. ஆனால் அன்றே ஒரு தவறும் தொடங்கியது.

படிவத்தில் சொன்ன பொய்

பெங்களூரில் 2008 முதல் வீட்டு வரியை நாமே கணக்கிட்டு அறிவித்துக் கட்டும் முறை நடக்கிறது. எத்தனை சதுர அடி, எந்த வட்டாரம், என்ன கூரை, யார் குடியிருக்கிறார்கள் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். இதில் முக்கியமானது கடைசிக் கேள்வி. சொந்தக்காரர் குடியிருந்தால் ஒரு விகிதம். வாடகைக்கு விட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு. 2008ல் இந்த முறை வந்தபோது காங்கிரீட் கூரை வீட்டுக்கு விலை மிகுந்த 'ஏ' வட்டாரத்தில் சதுர அடிக்கு மாதம் 2.50 ரூபாயும் 5 ரூபாயும். கடைசியான 'எஃப்' வட்டாரத்தில் 1 ரூபாயும் 2 ரூபாயும். 2016ல் குடியிருப்புகளுக்கு 20 சதவிகிதம் உயர்ந்தது.

ஆண்டுதோறும் மாற்றம் எதுவும் இல்லாதவர்களுக்குப் படிவம் 4. கட்டடத்தின் அளவோ பயன்பாடோ மாறியவர்களுக்குப் படிவம் 5. மாடி கட்டி வாடகைக்கு விட்ட நாங்கள் படிவம் 5 கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. 'எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்' என்று ஒரு புரோக்கர் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு, கீழ் வீடு ஒன்றுதான் இருக்கிறது என்பதுபோல ஆண்டுக்கு ஆண்டு படிவம் 4 கட்டி வந்தோம். மாடி கண்ணுக்குத் தெரிந்தது. காகிதத்தில் தெரியவில்லை.

லீசுக்கு விட்டவர்களும் இதைக் கேளுங்கள். 'மொத்தமாக ஒரு தொகை வாங்கினோம், மாத வாடகை வாங்கவில்லையே' என்று சிலர் சொல்கிறார்கள். சொந்தக்காரர் குடியிருக்கிறாரா இல்லையா என்பதுதான் கேள்வி. லீசுக்கு விட்ட வீடு சொந்தக் குடியிருப்பு ஆகாது.

ஒரு பெண் கேட்ட கேள்வி

2023ல் கர்நாடக அரசு கிருக ஜோதி என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு பில்லிலிருந்து, மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு மின்சாரம் இலவசம். திட்டம் தொடங்கியபோது, முந்தைய ஆண்டில் அந்த வீடு செலவழித்த சராசரி, அதற்கு மேல் 10 சதவிகிதம், அதுதான் இலவச அளவாக இருந்தது. அதற்கு மேல் போனால் கூடுதல் யூனிட்டுக்குப் பணம். 200ஐத் தாண்டினால் அந்த மாதம் முழுப் பில்லும் கட்ட வேண்டும். குடித்தனக்காரருக்கும் இந்த உரிமை உண்டு. மீட்டரின் கணக்கு எண்ணோடு தன் ஆதாரை இணைக்க வேண்டும். அந்த வீட்டில் குடியிருப்பதைக் காட்ட வாடகை ஒப்பந்தமோ வாக்காளர் அட்டையோ வேண்டும்.

எங்கள் மாடியில் ஊரிலிருந்து புதிதாக வந்த ஓர் இளம் குடும்பம். கணவர் பெயிண்டர், மனைவி கார்மெண்ட்ஸ் தொழிலாளி. வாக்காளர் அட்டை ஊர் விலாசத்தில் இருந்தது. எனவே வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். 'பார்க்கலாம்' என்றோம். மறுவாரமும் கேட்டார்கள். அப்போதும் 'பார்க்கலாம்' என்றோம். காரணம் உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் கொடுத்தால் வாடகைக்கு விட்டிருப்பது அரசுக் கணக்கில் ஏறிவிடுமே, வரி கூடுமே என்ற பயம்.

மூன்றாம் முறை அந்தப் பெண் படியில் நின்றுகொண்டு கேட்டாள்: "அக்கா, நாங்க மாசாமாசம் கட்டற கரண்டு காசு, உங்க வரியைக் காப்பாத்தறதுக்கா?"

தோழர்களே, அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் வைத்திருந்த அந்தப் பழைய வீட்டுக்காரரின் நாற்காலியில் நாங்கள் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டோம். எங்கள் வட்டாரம் 'எஃப்'. மாடி 500 சதுர அடி. 2008 விகிதப்படி 2 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு 10,000 ரூபாய். அதில் 20 சதவிகிதம் வரி, 2,000 ரூபாய்.   அதற்கு மேல் 24 சதவிகிதம் செஸ், 2016 உயர்வு எல்லாம் சேர்த்தாலும், கட்டடத்தின் வயதுக்கான கழிவைக் கழிக்காமலே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய். இந்த 3,000 ரூபாயைக் காப்பாற்ற, இரண்டு குடும்பங்களை மாதம் ஐந்நூறு அறுநூறு ரூபாய் கரண்டு பில் கட்ட வைத்துக்கொண்டிருந்தோம். நமக்கு ஆண்டுக்கு மூவாயிரம், அவர்களுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். இந்தக் கணக்கில் நியாயம் எங்கே இருக்கிறது?

மறுவாரமே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். படிவம் 5 கொடுத்து, பழைய பாக்கியையும் கட்டினோம். வித்தியாசத்தோடு வட்டியும் தண்டமும் சேர்ந்தன. வலித்தது. ஆனால் ஒன்று சொல்கிறோம்: மாடியில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது ஒரு துறைக்குத் தெரியும், வரிப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இன்னொரு துறைக்குத் தெரியும். இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நோட்டீஸ் வரும் வரை காத்திருப்பவர் வட்டிக்குக் காத்திருப்பவர்.

மீட்டரும் தண்ணீரும்

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர். இரண்டு வீட்டுக்கு ஒரே மீட்டர் இருந்தால் இருவர் செலவும் சேர்ந்து 200ஐத் தாண்டும். இருவருக்குமே சலுகை போகும். மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றைக் குடித்தனக்காரரின் மீட்டரில் கோக்காதீர்கள். குடித்தனக்காரர் காலி செய்யும்போது அவருடைய ஆதார் இணைப்பை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் போகும் புதிய வீட்டில் அவருக்கும், இங்கே வருபவருக்கும் தொல்லை.

இரண்டாவது, புதிதாகக் கட்டப்போகிறவர்களுக்கு. நிறைவுச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்புத் தரக்கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் இங்கே பலர் கட்டி முடித்தும் இணைப்பில்லாமல் தவித்தார்கள். மேஸ்திரியிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் சைட்டுக்கும் மாடிக் கணக்குக்கும் என்ன விதி என்று மாநகராட்சியிலும் பெஸ்காமிலும் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். காவிரி நீர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று ஜலமண்டலி அறிவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஏப்ரலில் தண்ணீர்க் கட்டணமும் உயர்ந்தது. இந்தக் கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். அளவு கூடக் கூட, லிட்டரின் விலையும் கூடும். மூன்று வீட்டுக்கு ஒரே இணைப்பு இருந்தால் மூவர் செலவும் சேர்ந்து மேல்படிக்குப் போகும். எனவே பில்லைச் சுவரில் ஒட்டுங்கள். ஆள் எண்ணிக்கைப்படி பங்கிடுங்கள். நம் வீட்டு ஆட்களையும் சேர்த்து எண்ணுங்கள்! பில்லுக்கு மேல் ஒரு காசும் வாங்காதீர்கள். வாடகை பாக்கி என்றால் பேசுங்கள், தேவையானால் சட்டப்படி வழக்குப் போடுங்கள். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தாதீர்கள். அது குழந்தைகளுக்குத் தரும் தண்டனை.

ரசீதும் கத்தாவும்

வீட்டு வரியை ஏப்ரலிலேயே முழுவதும் கட்டினால் 5 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து குப்பைக் கட்டணமும் இதனோடு சேர்ந்து வருகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. அலுவலகப் பலகை மாறினாலும் கட்டும் கடமை மாறவில்லை. ரசீதுகளை ஒரு கோப்பில் வையுங்கள். ஆனால் வரி ரசீது வீட்டுக்கு உரிமைப் பத்திரம் ஆகாது, விதி மீறிக் கட்டியதைச் சரியாக்கவும் செய்யாது. பி கத்தா வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மின்-கத்தா எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். விற்கும் நாளில் அது இல்லாமல் பத்திரப் பதிவு நடக்காது.

வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர்கள் வாடகையையும் காட்ட வேண்டும். அந்த ஆண்டில் நாம் உண்மையாகக் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவிகிதத்தையும் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டியவருக்கு இது ஒரு சிறு ஆறுதல்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இந்த நகரத்தின் வழக்கம் பத்து மாத வாடகை. மத்திய அரசு 2021ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. மாநிலம் ஏற்றால்தான் அது சட்டம். ஆனால் அட்வான்சுக்காகக் கம்மலை அடகு வைத்தவர்கள் நாம்தானே? சட்டம் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் மாடிக்கு இப்போது மூன்று மாதம்தான் வாங்குகிறோம். வீடு ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

தோழர்களே! ஊரிலிருந்து இன்றும் பஸ் ஏறி வருகிறவர்கள் முதலில் தட்டுவது நம் கதவைத்தான். நம் மொழி பேசுகிறவர் வீடு, நம்மை ஏமாற்றமாட்டார் என்று நம்பி வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு ஒப்பந்தம், ஒரு ரசீது, ஒரு தனி மீட்டர், இந்த மூன்றையும் கொடுங்கள். நம்மில் எவரும் அன்று கேட்டும் பெறாதவை இவை.

ஒப்பந்தம் எழுதவும், படிவம் நிரப்பவும் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நாங்கள் இருவரும் இங்கேயே இருப்போம். எங்கள் கோப்பையும் கொண்டு வந்திருக்கிறோம். தண்டம் கட்டிய ரசீதும் அதில் இருக்கிறது. வந்து பாருங்கள்.