இலக்கம் பிழையாத களவு

வெளியூரிலுள்ள மகன் தன் கடிதங்களுக்கு வரிசை இலக்கமிட்டு அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவதை அடுத்து ஏழாவது வந்தால், இடையில் ஒன்று தொலைந்ததென்று தந்தை உடனே அறிவார். ஆயின் இலக்கத்தைக் கடிதத்தில் எழுதாது, இருவரும் தத்தம் மனத்திலேயே எண்ணி வருவார்களாயின்? அத்தகைய கணக்கிலே புகுந்த களவொன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

தொலைவிலுள்ள கணினியிற் புகுந்து இரகசியமாக வேலை செய்வதற்கு எஸ்.எஸ்.எச். என்னும் முறை உண்டு. 1995ஆம் ஆண்டிலே, ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்கள் களவு போனதைக் கண்ட தாத்து இலோனென் என்பவர் இதனை ஆக்கினார்.

இம்முறையில் இருபுறத்துக் கணினிகளும் செய்திகளை 0 முதல் எண்ணுகின்றன. அவ்விலக்கம் செய்தியோடு செல்வதில்லை. ஆயினும் ஒவ்வொரு செய்தியின் முத்திரையும் அதைக் கொண்டே சரிபார்க்கப்படும். முதலிற் சில செய்திகள் வெளிப்படையாகச் செல்லும். திறவுகோலை இருவரும் ஒத்துக்கொண்ட பின்னரே மறைப்புத் தொடங்கும். மறைப்புத் தொடங்கும்போது எண்ணிக்கையை மீண்டும் 0இலிருந்து தொடங்காது விட்டதே பிழை.

2023 டிசெம்பரிலே ஜேர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மூவர் இதனை வெளியிட்டனர். இடைவழியில் நிற்கும் கள்வன், வெளிப்படையான பகுதியிலே பொருளற்ற செய்தியொன்றை நுழைக்கிறான். பெறுவோன் கணக்கில் ஒன்று கூடுகிறது. பின்னர், மறைக்கப்பட்டு வரும் முதற் செய்தியை வழியிலேயே விழுங்கிவிடுகிறான். கணக்கு மீண்டும் சரி, முத்திரையும் சரி! எல்லா மறைப்பு முறைகளிலும் இது பலிக்காது. ஆனால் பலிக்கும் முறைகளுள் ஒன்று பெருவழக்கிலிருந்த சாச்சா20. இத்தாக்குதலுக்கு 'டெரப்பின்' என்று ஓர் ஆமையின் பெயரை இட்டார்கள்.

கள்வனால் செய்திகளைப் படிக்க முடியாதென்பது உண்மை. ஆயினும் அவன் விழுங்கும் முதற் செய்தியே, என்னென்ன கூடுதற் காவல்கள் உண்டென்று அறிவிப்பது. விசைகளைத் தட்டும் வேகத்தை ஒற்றரிடமிருந்து மறைக்கும் ஏற்பாடொன்று ஓப்பன் எஸ்.எஸ்.எச். 9.5இலே புதிதாகச் சேர்ந்திருந்தது. பாவம், சில மாதங்களுள்ளேயே அதனை ஓசையின்றி அணைக்க வழி பிறந்துவிட்டது.

டிசெம்பர் 18ஆம் திகதி ஓப்பன் எஸ்.எஸ்.எச். 9.6உம், லிப்எஸ்எஸ்எச் என்னும் செய்நிரற்றொகுதியின் திருத்தமும் வெளிவந்தன. மறைப்புத் தொடங்கியதும் எண்ணிக்கை 0 ஆக வேண்டும். அதற்கு முன் வேண்டாத செய்தி வந்தால் தொடர்பை அறுக்க வேண்டும். மாற்றம் இவ்வளவே. ஆனால் இரு புறத்தாரும் இதனை ஏற்றிருந்தாலன்றிப் பயனில்லை. ஒருவர் பழையவராயின் உரையாடல் பழைய விதிப்படியே நடக்கும். அத்தகைய பழைய கணினியோடு தொடர்புகொள்ள வேண்டியவர்கள், சாச்சா20ஐ நிறுத்தி, ஏ.இ.எஸ்.–ஜி.சி.எம். முறையைக் கைக்கொள்ளலாம், அதில் இக்களவு பலிப்பதில்லை.