நசுங்கிய முகப்பு



திருச்சியிலிருந்து கொள்ளிடம் தாண்டி, லால்குடி, புள்ளம்பாடி வழியாகக் கல்லக்குடிச் சிமெண்டு ஆலைக்குச் செல்லும் சாலையில் லாரிகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் வயதான ஒன்றன் முகப்பு மோதலில் நசுங்கிவிட்டால், அதை அடித்து நிமிர்த்துவதா, வேறு வாங்கி மாட்டுவதா? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள். இது என்ன பெரிய செய்தி என்று மாணவர்கள் எண்ணலாம். ஒரே லாரியை நம்பிப் பிழைப்பவருக்கு, அது பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருவாயற்ற நாள். கடன் தவணையோ நிற்பதில்லை.

ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1954-இல் ஜெர்மானிய மெர்சிடிஸ்-பென்சுடன் கூட்டுச் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. அக்கூட்டு 1969-இல் முடிந்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. நெடுங்காலம் இவ்வாலைகளிலிருந்து பெரும்பாலும் எஞ்சின் பூட்டிய சேசிசே வெளிவந்தது. ஓட்டுநர் அறையை நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகள் மரத்தாலும் தகட்டாலும் கட்டின. ஆதலால் ஒரு பழைய லாரியின் கதவு மற்றொன்றுக்குப் பொருந்துவது அரிது. ஆலையிலேயே செய்த பானட்டும் மட்கார்டும் அப்படியல்ல. ஒரே மாதிரி வண்டிகளில் மாற்றிப் பூட்டலாம். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உறுப்புகளும் கிடைக்கும்.

நல்ல டிங்கர் சுத்தியலை எடுக்குமுன் நூலை எடுப்பார். சேசிசின் இரு நெடுஞ்சட்டங்களிலும் ஒத்த இடங்களைக் குறித்து, மூலைக்கு மூலை நூல் பிடிப்பார். இரு அளவும் வேறுபட்டால் சட்டமே கோணியுள்ளது. அதை விடுத்துத் தகட்டை அழகுபடுத்தினால், வண்டி ஒருபுறம் இழுக்கும், டயர் தேயும்.

மடங்கிய இடத்தில் இரும்புத் தகடு கடினமாகிறது. கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிவதும் இதனாலேயே. ஆகவே பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடிப்பது பேதைமை. பின்னால் இரும்புக் கட்டையை அணைத்து, ஓரத்து மடிப்பிலிருந்து சிறுசிறு அடியாக உள்நோக்கி வர வேண்டும். நீண்டுபோன தகட்டில் காசளவு இடத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியால் குளிர்விப்பார்கள். அது சுருங்கி இறுகும். பௌதிகப் பாடத்தைப் புத்தகமின்றிக் கற்ற கை அது!

மட்கார்டின் உள்மடிப்பில் சேறு தங்கித் துரு ஏறும். குத்தூசி உள்ளே இறங்கினால் நிமிர்த்திப் பயனில்லை. வெட்டிப் புதுத்தகடு பற்றவைக்கலாம், அல்லது முழுதும் மாற்றலாம். பட்டியைக் கனமாக அப்பி மறைப்பாரும் உளர். எனக்கு அவ்வேலை பிடிப்பதில்லை; லாரியின் அதிர்ச்சியில் அது வெடித்து, விரிசலில் நீர் புகும்.

பானட்டின் கீலும் பூட்டும் பழுதானால் மட்டும் சிக்கனம் கூடாது. அவற்றை மாற்றியே ஆகவேண்டும். ஓடும் வேகத்தில் பூட்டு விட்டால், காற்று பானட்டைத் தூக்கிக் கண்ணாடிமேல் அறையும். ஓட்டுநருக்குச் சாலை தெரியாது.

இவையெல்லாம் முடிந்தபின் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, முகப்பு விளக்குகளின் ஒளி விழும் உயரத்தைப் பார்த்துத் திருகாணிகளைச் சரிசெய்வார்கள். வர்ணம் பூசுவது அதற்கப்புறந்தான்.