கேட்டதை மட்டுமே சொல்லும் சோதனை

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியது)



ராணுவ முகாமின் கழிவுநீர்னு சொன்னதும் சாக்கடையைத்தான் நினைச்சுக்குவோம். நான் பேச வந்தது கண்ணுக்குத் தெரியாத கழிவு பற்றி. அமெரிக்காவின் வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்ற மரீன் படை முகாம். இயந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிரைகுளோரோஎத்திலீன் அங்கே மண்ணில் இறங்கியது. முகாமுக்கு வெளியே ஒரு டிரைகிளீனிங் கடை தன் கழிவுநீரை செப்டிக் டேங்கில் விட்டது. அதுவும் நிலத்தடியில் பரவி முகாமின் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. 1953 தொடங்கி 1980கள் வரை சிப்பாய்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் குடிச்சது இந்தத் தண்ணீரைத்தான்.

சோதனை நடக்காமல் இல்லை. 1980-இல் ராணுவ ஆய்வுக்கூடம் மாதிரி எடுத்தது, குளோரின் கலப்பதால் உண்டாகும் பொருள்கள் எவ்வளவு என்று பார்க்க. தேடியது ஒன்று, குறுக்கே வந்து நின்றது வேறொன்று. தண்ணீரில் கரைப்பான்கள் கடுமையாகக் கலந்திருப்பதாக 1981-இல் ஆய்வாளர் படிவத்திலேயே கையால் எழுதி அனுப்பினார். 1982-இல் தனியார் ஆய்வுக்கூடம் பெயரையும் அளவையும் சொல்லிவிட்டது: டிரைகுளோரோஎத்திலீன், லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம். 1989-இல் அமலுக்கு வந்த வரம்பு வெறும் 5. கிணறுகளை மூட ஆரம்பித்ததோ 1984 கடைசியில். நான் வங்கிக் குமாஸ்தா. பத்து ரூபாய் இடித்தாலும் கணக்கு நேராகும்வரை எங்களை வீட்டுக்கு விடமாட்டாங்க. அங்கே அந்தக் காகிதம் மூணு வருஷத்துக்கு மேலே கோப்பில் தூங்கியிருக்கு. அப்போ சட்டத்தில் வரம்பே இல்லையே என்பது அதிகாரிகளின் பதில். சட்டம் வரும்வரை விஷம் விஷமில்லையாம்!

நம்ம ஊரிலும் 'பி.ஓ.டி. சரியா இருக்கு' என்று தாளை நீட்டுவார்கள். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கின்றன என்ற கணக்கு அது. இந்தக் கரைப்பான்களை அது காட்டிக்கொடுக்காது. இவை காற்றில் பறந்துவிடும் சரக்கு. ஒரு குமிழிகூட இல்லாமல் குப்பியை நிரப்பி மூடி, ஐஸில் வைத்துக் கொண்டுபோகணும். வாளியில் மொண்டு வெயிலில் வைத்தால் 'இல்லை' என்றுதான் அறிக்கை வரும். தாள் கைக்கு வந்தால் 'திருப்தி' என்ற வார்த்தையை விடுங்க. எதைத் தேடினார்கள், எதைத் தேடவே இல்லை, மாதிரியை எங்கே யார் எடுத்தது என்று பாருங்க.

அங்கே குடியிருந்து போனவர்களுக்குத் தகவல் சொல்லியே ஆகணும் என்ற சட்டம் 2008-இல் வந்தது. வழக்குப் போட வழிவிட்ட சட்டம் 2022-இல். இந்தக் காகிதங்களைத் தோண்டி வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜெர்ரி என்ஸ்மிங்கர், அதே படையில் சார்ஜென்டாக இருந்தவர். அவருடைய ஒன்பது வயது மகள் 1985-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். தண்ணீர் விஷயம் அவர் காதுக்கு எட்டியது 1997-இல், அதுவும் டி.வி. செய்தியில்.