ரெண்டாங் காயில் ஒரு நூல்



இந்தப் பேச்சுக்கு வீட்டுத்தோட்டமும் வளவுப் பராமரிப்பும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். பாத்தி, பசளை, பந்தல், கோழிக்கூடு, ஆட்டுக்கொட்டில், யானைக்குக் காவல் எல்லாமே இதற்குள் அடக்கம். தந்த நேரமோ கொஞ்சம். ஆகவே எனக்குப் பிடித்ததைத்தான் கூடுதலாகக் கதைக்கப் போகிறேன். விதையைப் பற்றி.

வெல்லாவெளிப் பக்கத்தில் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்தவன் நான். போரதீவுப்பற்றில் வேளாண்மையைப் பற்றி நான் வாய் திறந்தால் எனக்கே பாடம் எடுத்துவிடுவார்கள். வயல் அவர்களுக்குக் கைவந்தது. ஆனால் வளவுத் தோட்டம் வேறு உலகம். அது கிணற்றடியில் தொடங்கி அடுப்படியில் முடிகிறது. அங்கே அதிகாரம் பெண்களுடையது. அவர்களிடம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்குச் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டொலர் இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. அந்த ஜூன் மாதம் அரசாங்க ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று. லீவு கிடைத்தது. மண்வெட்டியும் இரவலாகக் கிடைத்தது. விதை? இந்த நாட்டில் விற்கும் மரக்கறி விதையில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருவது. டொலர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை, இருந்தாலும் பைக்கற்றின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அந்த நாட்களில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் சில வீடுகளில் மட்டும் அந்தக் கவலையே இருக்கவில்லை. அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் சாம்பல் பிரட்டிய கத்தரி விதையும், பழைய நெஸ்டமோல்ட் போத்தலில் பயற்றை விதையும் இருந்தன.

அந்த வீடுகளில் விதை எப்படித் தங்கியது? இதற்கு நான் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். எங்கள் மட்டக்களப்பில் வீடு வளவு மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளை வந்து சேருவார், பெண் இடம்பெயர மாட்டாள். தாய் அதே வளவின் மூலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு மகளின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு மகள், பிறகு பேத்தி. ஒரே மண், ஒரே கிணறு, ஒரே விதை. வருடா வருடம் அந்த மண்ணிலே பிழைத்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்துவைத்தால், அந்த விதை அந்த இடத்துக்குப் பழகிவிடும். மாரி வெள்ளத்துக்கும் ஆடி மாதக் கச்சான் காற்றுக்கும் அது புதிசு இல்லை. குடிவழி பற்றி எழுதுகிற அறிஞர்கள் சீதனத்தைப் பற்றி எழுதுகிறார்கள், கோயில் உரிமையைப் பற்றி எழுதுகிறார்கள். கத்தரி விதையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, விதை எடுப்பது எப்படி? இங்கேதான் பெரும்பாலானோர் பிசகுகிறார்கள். பிஞ்சும் காயுமாக நல்லதையெல்லாம் கறிக்கு ஆய்ந்துவிடுவார்கள். கடைசியில் கொடி வாடும்போது நுனியில் தொங்குகிற ஒன்றிரண்டு சூம்பிய காயை விதைக்கு விடுவார்கள். வருடா வருடம் இதைச் செய்தால் என்ன நடக்கும்? பிந்திக் காய்க்கிறது, குறைவாய்க் காய்க்கிறது, இரண்டையும் நீங்களே தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து வளர்க்கிறீர்கள்! பிறகு “இப்ப விதை சரியில்லை” என்று குறை வேறு.

மண்டூர்ப் பக்கம் ஒரு வயதான அம்மா இருந்தா. அவவின் தோட்டத்துக்குள் போனால் அங்கங்கே காயில் சிவப்புத் துணிக்கிழிசல் கட்டியிருக்கும். கண்ணூறுக்காக்கும் என்று நினைத்துக் கேட்டேன். “கண்ணூறுமில்ல ஒண்ணுமில்ல. புள்ளையள் கறிக்கி ஆஞ்சிராம இருக்க. முதல்ல வந்து நல்லாக் காச்ச மரத்தில, ரெண்டாங் காயில கட்டிருவன். நல்லதெல்லாம் சட்டிக்கிப் போனா விதைக்கி என்ன மனே மிஞ்சும்?” என்றா. பயிர்த்தெரிவு என்று நான் படித்துவிட்டு வந்த பாடம் முழுவதும் அந்தத் துணிக்கிழிசலுக்குள் இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, துணி கிடைக்காவிட்டால் நூல் போதும். முந்திக் காய்த்த மரத்தில் ஒன்று, நோய் பிடிக்காத கொடியில் ஒன்று.

அடுத்து, அடிக்கடி என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி: “புடோலுக்குப் பக்கத்தில் பாவல் வைத்தால் புடோல் கசக்குமா?” கசக்காது. இரண்டும் வேறு இனம், ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் புடோல் கசந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். காரணத்தைத் தேடி வேலியோரம் போனால் அங்கே பேய்ப்புடோல் படர்ந்திருக்கும். அது புடோலின் காட்டுச் சொந்தம். புடோல் பூ பொழுதுபட்ட பிறகுதான் விரியும், இரவில் பறக்கும் பூச்சி காட்டுப்பூவிலும் வீட்டுப்பூவிலும் மாறி மாறி உட்காரும். இந்த வருடக் காய் கசக்காது. அந்தக் காயின் விதையை அடுத்த வருடம் போட்டீர்களானால் அப்போதுதான் தெரியும் சங்கதி.

இதற்கு மருந்து இலகுவானது, எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். பின்னேரம், பூ விரிய முன்னர், அடியில் சின்னப் பிஞ்சோடு இருக்கும் பெண்மொட்டைப் பாருங்கள். அதன் வாயை நூலால் மெல்லக் கட்டுங்கள். நாளைக்கு விரியப்போகும் மொட்டை இன்றைக்குக் கட்டிவிடாதீர்கள், பருத்து வெளுத்ததைப் பார்த்துக் கட்ட வேண்டும். ஆண்மொட்டு ஒன்றையும் அப்படியே. இருட்டியதும் விளக்கோடு போய் அவிழ்த்து, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தொட்டு வைத்துவிட்டு மறுபடி கட்டிவிடுங்கள். காம்பில் ஒரு அடையாளத் துணி. அந்தக் காய் விதைக்கு. வெண்ணிற நூல்நூலாய் விரிந்திருக்கும் அந்தப் பூவை இரவில் பார்க்காமலே புடோல் கறி தின்று வயது போனவர்களும் எங்களில் இருக்கிறார்கள்!

தக்காளி, பயற்றைக்கு இந்தப் பாடு வேண்டாம்; தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. விவசாயத் திணைக்களத்தின் திலின தக்காளி, எம்.ஐ. 2 கொச்சிக்காய் போன்றவற்றில் தாராளமாக விதை எடுக்கலாம். பைக்கற்றில் எஃப் 1 என்று போட்டிருந்தால் அது கலப்பினம். அதன் விதையைப் போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி வரும்.

2007 மார்ச்சில் யுத்தத்தால் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தது. மே மாதத்திலிருந்து திரும்பி வரத் தொடங்கினார்கள். வளவுகளுக்குள் போய்ப் பார்த்தால் ஆடுமாடு தின்றது போக, பயற்றங்காய் கொடியிலேயே காய்ந்து நின்றது. கத்தரி மஞ்சளாய்ப் பழுத்து விழுந்து கிடந்தது. கறிக்கு ஆய ஆளில்லாததால் எல்லாமே விதையாகிவிட்டிருந்தது. நிவாரணத்தில் விதைப் பைக்கற் வருமட்டும் காத்திராமல் அதைப் பொறுக்கிப் பாத்தி போட்டவர்களை எனக்குத் தெரியும்.

விதையைத் தின்னலாமா என்றால், சிவனடியார் இளையான்குடி மாற நாயனார் நினைவுக்கு வருகிறார். மழை இருட்டில் வயலுக்குப் போய், அன்று விதைத்த நெல்லை வாரி வந்து, வீட்டுக்கு வந்த அடியாருக்குச் சோறாக்கினார். கொல்லையில் முற்றாத கீரையையும் பிடுங்கினார். வந்தவர் சிவபெருமான். உங்கள் வீட்டுக்கு வந்தவர் மச்சானாக இருந்தால் விதைப் போத்தலில் கை வைக்காதீர்கள்.

நேரம் ஓடுகிறது, மிச்சத்தை விரைவாகச் சொல்கிறேன். கத்தரியை மஞ்சளாகப் பழுக்கவிட்டுப் பிசைந்து கழுவுங்கள். தாழ்ந்த விதைதான் விதை. தக்காளி விதையை ஓரிரு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழுவழுப்புப் போகும். நிழலில் உலர்த்துங்கள், தார்ச்சாலையில் வேண்டாம். பயற்றை விதைக்கு ஆறிய சாம்பல் தாராளமாகப் போட்டால் வண்டு உள்ளே நடமாட முடியாது. விதைக்க முன்னர் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. யானை வரும் வளவென்றால் வாழையை வீட்டுச் சுவரோடு வைக்காதீர்கள், நெல்லைப் படுக்கையறையில் அடுக்காதீர்கள். எல்லையில் தோடை, தேசி நடுங்கள், யானை தேசி வகையை விரும்பாது. வஸ்கமுவப் பக்கம் தோடை நட்டு இதைச் செய்துபார்த்திருக்கிறார்கள். கோழிக்கும் ஆட்டுக்கும் இன்னொரு நாள் தருவார்கள் என்று நம்புகிறேன்.

ஐப்பசி மழைக்கு முன் பாத்தியைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கூடுதலாக இருக்கும் விதையை அயல் வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள். உங்கள் மரம் வெள்ளத்தில் போனால் அவர்களிடம் திருப்பிக் கேட்கலாம். மாரி அளவோடு பெய்யட்டும்.