திறந்த கருவியும் பூட்டிய கருவியும்

(தொட்டியத்தில் நடைபெற்ற நம் கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கணினி பற்றி நம் இளைஞர்களுக்குச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். கணினி என்பது பரந்துபட்ட பொருள். குறுகிய நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு அதனை நன்கு ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறேன். அப்பொருள் கையடக்க விளையாட்டுக் கருவி. கல்விக் கழகத்தின் விழாவில் விளையாட்டுக் கருவியைப் பற்றிப் பேசலாமா என்று பெரியோர்கள் முகம் சுளிக்க வேண்டா. நம் பிள்ளைகளுள் பலர் மின்னணுக் கருவியை முதன்முதலாகக் கையில் எடுப்பதே விளையாடுவதற்காகத்தான். அந்த முதல் கருவி அவர்களுக்கு எதைக் கற்பிக்கிறது என்று கேட்பது கல்வியாளரின் கடமையே ஆகும்.

முதலில் உலகம் நன்கறிந்த கருவியைக் காண்போம். 1989ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய நின்டென்டோ, கேம் பாய் என்னும் கருவியை வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் குன்பெய் யோகோய். புத்தம் புதிய, விலை மிகுந்த பாகங்களை நாடாமல், நன்கு பழகிய, மலிவான பாகங்களைக் கொண்டே புதுமை செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரையுடன் வந்தன. கேம் பாய்க்கோ வண்ணமும் இல்லை, திரைக்குப் பின்னே விளக்கும் இல்லை. ஆயினும் நான்கு சிறிய மின்கலங்களைக் கொண்டு நீண்ட நேரம் ஓடியது; கீழே விழுந்தாலும் எளிதில் கெடவில்லை; விலையும் குறைவு. அதுவும் அதன் வண்ணத்திரை வடிவமும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. 2004ஆம் ஆண்டில் வந்த நின்டென்டோ டிஎஸ் என்னும் இரட்டைத் திரைக் கருவி 15 கோடியே 40 லட்சம் விற்றது. அதே ஆண்டு இறுதியில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்னும் கருவியுடன் களம் இறங்கியது. குறைந்த செலவில் நிறைந்த பயன் காணும் அந்தக் கொள்கை, பொருள் வசதியற்ற நாம் மனத்தில் இருத்த வேண்டிய கொள்கை என்பதில் ஐயமில்லை.

ஆனால் இக்கருவிகளுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. கேம் பாயை இயக்கியதும் அதனுள் இருக்கும் ஒரு சிறு நிரல், செருகப்பட்ட ஆட்டப் பேழையில் நின்டென்டோவின் வணிகச் சின்னம் அச்சுப் பிசகாமல் பதிந்துள்ளதா என்று சரிபார்க்கும். இல்லையேல் கருவி அப்படியே நின்றுவிடும். சின்னத்தை அனுமதியின்றிப் பதித்தாலோ வணிகச் சின்னச் சட்டத்தின்படி வழக்கு வரும். பின்வந்த கருவிகளில் இப்பூட்டு மேலும் இறுகிற்று. சோனியின் கருவியில் தாமே எழுதிய நிரல்களை ஓட்டுவதற்குச் சிலர் வழி கண்டபோது, நிறுவனம் அடுத்தடுத்த மென்பொருள் புதுப்பித்தல்களால் அவ்வழிகளை அடைத்தது. நிறுவனத்துக்கு ஆட்டங்களிலிருந்தும் வருவாய் வருகிறது. பிறர் எழுதும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது உரிமக் கட்டணம் பெறுகிறது. ஆகவே பூட்டு இல்லையேல் அவ்வணிகமே இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் அதில் விளையாடலாம். அதன் உள்ளே என்ன நிகழ்கிறது என்று பார்க்கவோ, தாம் விரும்பியவாறு மாற்றவோ அவருக்கு இடமில்லை.

இனி மறுபுறம் நோக்குவோம். 2005ஆம் ஆண்டில் தென்கொரியாவில் ஜிபி2எக்ஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி வந்தது. அது லினக்ஸ் என்னும் திறந்த இயங்குதளத்தில் ஓடியது. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் உள்ள பல்லாயிரவர் கூடி வளர்த்த மென்பொருள் லினக்ஸ். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஜிபி2எக்ஸைப் பயன்படுத்தி வந்த ஆர்வலர்களுள் சிலர், இதைவிடச் சிறந்த கருவியை நாமே செய்தால் என்ன என்று எண்ணினார்கள். அவ்வெண்ணத்தின் பயனே பண்டோரா. உள்ளங்கை அளவுப் பெட்டி, 4.3 அங்குலத் தொடுதிரை. 600 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலி. விளையாட்டுப் பொத்தான்களோடு முழு எழுத்துப் பலகை. அதில் ஆட்டம் ஆடலாம், கடிதம் எழுதலாம், புது ஆட்டத்தை அதிலேயே எழுதி அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். எவரிடமும் உரிமம் கேட்க வேண்டுவதில்லை.

இரண்டையும் எடை போடுங்கால் ஒரு தட்டை மட்டும் உயர்த்திப் பேசுதல் நேர்மையாகாது. டிஎஸ் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 150 டாலர். பண்டோராவின் விலை அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். டிஎஸ் கருவியை அக்காலத்தில் கடைக்குச் சென்றால் அன்றே வாங்க முடிந்தது. பண்டோராவுக்கோ 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் முன்பணம் பெறப்பட்டது. முதல் கருவிகள் வாங்கியவர் கை சேர்ந்தது 2010ஆம் ஆண்டு மே மாதத்தில். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மனம் சலித்தோரும் உண்டு. சிறு குழுவிடம் பெருந்தொழிற்சாலை இல்லை. ஒரு பாகம் தாமதித்தால் அனைத்தும் தாமதித்தன. மேலும் பண்டோராவும் முழுதும் திறந்த கருவியன்று. அதன் வரைகலைச் சில்லை இயக்கும் மென்பொருள் மூடியதாகவே இருந்தது. திறந்த நிலை என்பதிலும் படிகள் உண்டு என்பதை இதனால் அறியலாம்.

விலையிலும் வசதியிலும் பூட்டிய கருவியே வென்றது. எனினும் நமக்கு இன்றியமையாத இரண்டு கேள்விகள் எஞ்சி நிற்கின்றன.

முதலாவது மொழி. டிஎஸ் கருவியின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. அதனைச் சேர்க்கும் உரிமையும் நமக்கில்லை. சந்தை இருக்கிறது என்று நிறுவனம் எண்ணினால்தான் தமிழுக்கு இடம். லினக்ஸில் அவ்வாறன்று. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் உள்ள தமிழ்த் தன்னார்வலர்கள் எவர் அனுமதிக்கும் காத்திராமல் அதன் கட்டளைகளையும் பட்டியல்களையும் தமிழில் பெயர்த்தார்கள். எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் இவ்வாறு கட்டற்ற மென்பொருளாகவே வெளிவந்தது.

இரண்டாவது ஆயுள். டிஎஸ் கருவிக்கான இணையச் சேவையை நின்டென்டோ 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தியது. அன்றோடு, தொலைவில் உள்ளவருடன் அச்சேவை வழியே ஆடிய ஆட்டங்கள் ஓய்ந்தன.  திறந்த கருவியில், செய்தவர் கைவிட்டாலும் பயன்படுத்துவோர் எடுத்து நடத்தலாம்.

அயல்நாட்டுக் கதையோடு நிற்க வேண்டா. நம் நாட்டிலேயே, பண்டோராவுக்கு முன்பாகவே, திறந்த கையடக்கக் கணினி ஒன்று பிறந்தது. அதன் பெயர் சிம்ப்யூட்டர். எளிய, மலிவான, பல மொழி பேசும் மக்கள் கணினி என்பது அப்பெயரின் விரிவு. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர்களும் ஓர் அறக்கட்டளையாகக் கூடி இதனை வடிவமைத்தார்கள். 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் முன்மாதிரி வெளியிடப்பட்டது. அதுவும் லினக்ஸில் ஓடியது. மென்பொருள் மட்டுமின்றிக் கருவியின் வடிவமைப்பும் ஒரு பொது உரிமத்தின் கீழ் திறந்து வைக்கப்பட்டது. எழுத்தறியாதவரும் பயன்படுத்துமாறு, இந்திய மொழி எழுத்துகளை வாய்விட்டு வாசிக்கும் ஆற்றலை அதற்கு அளித்தார்கள். ஒவ்வொருவரும் கணினி வாங்க இயலாது என்பதை உணர்ந்து, ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு சிறு அட்டை என்று ஏற்பாடு செய்தார்கள். தம் அட்டையைச் செருகினால் அவரவர் செய்திகள் அவரவர்க்கு வரும்.

2004ஆம் ஆண்டு மார்ச்சில் அமிடா என்னும் பெயரில் ஒரு சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அதனைச் செய்து கொடுத்தது அரசு நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ். கருவி சாய்வதை உணரும் பொறியும் அதில் இருந்தது. சாய்த்தே கோலியை உருட்டி ஆடும் ஓர் ஆட்டமும் இருந்தது. இன்று கைப்பேசியைச் சாய்த்து ஆடும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. இத்தனை சிறப்பு இருந்தும் சிம்ப்யூட்டர் நிலைபெறவில்லை. எதிர்பார்த்தது 50,000, விற்றதோ சில ஆயிரமே. சுமார் 10,000 ரூபாயில் தொடங்கிய விலை, கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எட்டாத விலை. எதிர்பார்த்த அளவில் அரசுகள் மொத்தமாக வாங்கவில்லை. அதே ஆண்டுகளில் கைப்பேசியின் விலை சரிந்து, அது ஊர்தோறும் பரவிற்று.

அன்பர்களே! இத்தோல்வியிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? தொட்டியத்தில் இதனை விளக்குவது எளிது. இது வாழை விளையும் மண். விலைக்கு வாங்கிய குலையைத் தின்றால் அன்றோடு தீர்ந்தது. ஒரு கன்றைப் பெற்று நட்டாலோ, அது வளர்ந்து குலை தள்ளுவதோடு பக்கக் கன்றுகளையும் ஈனும். பக்கத்துத் தோட்டக்காரருக்கு அவற்றுள் ஒன்றைக் கொடுத்தாலும் நமக்குக் குறைவில்லை. பூட்டிய கருவி குலை போன்றது. திறந்த கருவி கன்று போன்றது. ஆனால் நம் பெற்றோருள் பலர் பிறர் தோட்டத்தில் வாழைத்தார் சுமந்தவர்கள். அவர்கள் கையில் கன்றை மட்டும் கொடுத்தால் எங்கே நடுவார்கள்? நிலம் வேண்டும், நீர் வேண்டும், நடவு தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். மூல நிரல் திறந்து கிடக்கிறது என்பதனால் மட்டும் எளியவர் அதைப் படித்துவிடுவதில்லை. பண்டோராவை நிலைநிறுத்தியது அதனைச் சுற்றிக் கூடிய மக்கள் கூட்டம். சிம்ப்யூட்டருக்கு அறிவாளர்கள் இருந்தார்கள். ஊர்தோறும் அதனை ஏந்திக் கற்பிக்க அமைப்புகள் போதவில்லை என்றே நான் கருதுகிறேன். கற்பி, ஒன்றுசேர் என்று அண்ணல் அம்பேத்கர் இரண்டையும் சேர்த்துச் சொன்னதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

அந்த நிலமும் நீரும் ஆகத்தக்கது இக்கழகம். கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளுள் பலவற்றில், வணிக இயங்குதளத்தோடு பாஸ் என்னும் லினக்ஸ் வகையும் சேர்த்தே தரப்பட்டது. அது சி-டாக் என்னும் மைய அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. அம்மடிக்கணினிகள் இன்று எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைக் கழகத்துக்குக் கொண்டு வாருங்கள். மின்கலம் செத்திருந்தால் மின்னேற்றியை இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். பழைய கருவிக்கு ஏற்ற எளிய லினக்ஸை நிறுவலாம். ஐந்து பழுதான கணினிகளிலிருந்து இரண்டு நல்ல கணினிகளைச் செய்ய முயலலாம். அம்முயற்சியில் இளைஞர்கள் கற்பதே பெரும் படிப்பு.

இரண்டு: மாலை வகுப்பில் வாரம் ஒரு நாள் நிரல் எழுதப் பழக்குங்கள். தொடக்கம் ஆட்டமாகவே இருக்கட்டும். ஆடு புலி ஆட்டத்தை அறியாதவர் இங்கில்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு, அவை நகரும் இடங்கள், வெட்டும் விதிகள். இவற்றைக் கணினிக்கு விளங்குமாறு எழுதிப் பார்த்தால் நிரலாக்கத்தின் அடிப்படை முழுவதும் அதில் அடங்கும். அந்த ஆட்டத்தைத் தொட்டியத்துப் பிள்ளைகள் செய்து, மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்த நிரலாகவே கொடுக்கட்டும்.

மூன்று: அவ்வகுப்பில் பாதி இடம் பெண்பிள்ளைகளுக்கு என்று விதி செய்யுங்கள். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் அது மகன் கைக்கே போகிறது. கழகத்தின் மேசையிலாவது மகளுக்குச் சம இடம் கிடைக்கட்டும்.

மாணவச் செல்வங்களே! விளையாட வேண்டா என்று நான் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டில் வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி லினக்ஸில்தான் ஓடுகிறது. வாங்கியவர் அதில் தமக்கு வேண்டிய நிரலை நிறுவிக்கொள்ளலாம். சிறு குழுக்கள் தட்டுத்தடுமாறி நடந்த வழியில் இன்று பெருநிறுவனமும் நடக்கிறது. அவ்வழியில் நீங்களும் நடக்க இயலும். அடுத்த முறை ஒரு கருவியை வாங்குமுன் அதன் விலையையும் திரையையும் மட்டும் பாராமல், இதைத் திறக்க எனக்கு உரிமை உண்டா, இதில் நான் ஒன்றைச் செய்ய முடியுமா, என் மொழிக்கு இதில் இடமுண்டா என்று கேளுங்கள். நம் முன்னோருக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு எளிதில் திறக்கவில்லை. அதைத் திறக்கப் பாடுபட்டவர்களின் பிள்ளைகளாகிய நாம், கையில் இருக்கும் கருவி திறந்ததா பூட்டியதா என்று பாராமல் இருத்தல் தகாது.