தாய்க்கு ஒரு ஆபீஸ், பிள்ளைக்கு ஒரு ஆபீஸ்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக நான் மைக் பிடித்தால் வங்கிக் கடன், தவணை, தணிக்கை என்றுதான் பேசுவேன். இன்றைக்குக் கணக்கு நோட்டை மூடி வைத்துவிடுங்கள். நம் குழுக்களில் ஒன்றில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். "யாராயிருக்கும்?" என்று பக்கத்தில் கேட்டுக்கொள்ளவும் வேண்டாம். அந்தத் தங்கச்சியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "சொல்லுங்கக்கா, ஆனா என் பேரு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

பன்னிரண்டு பேர் உள்ள குழு. அதில் நாலு வருஷமாக ஒரு வாரம்கூட சேமிப்பு தவறாத பெண் அவள். உள்கடனில் தையல் மிஷின் வாங்கி, அடைத்தும் முடித்தவள். இரண்டாவது பிரசவம் ஆண் குழந்தை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ராத்திரி தூக்கம் போய்விட்டது. தனியாகப் பேசினாள். பாலில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று சொல்லிப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். வீட்டில் "பச்சை உடம்புல காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்று மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், கோயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். மூன்று மாதம் போய்விட்டது.

இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் கடுமையான மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். இது அவசர சிகிச்சை தேவைப்படும் நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் நன்றாகக் குணமாகக்கூடியது. சோர்வாக அழுதுகொண்டே இருப்பது வேறு. அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. நம் நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து தாய்மார்களில் ஒருவருக்கு அது இருக்கிறது. இங்கே எத்தனை பேர் பிள்ளை பெற்றவர்கள் என்று கையைத் தூக்கச் சொன்னால் அந்த ஐந்தில் ஒருவர் இந்த ஹாலிலேயே இருப்பார்.

சரி, குழு என்ன செய்தது? மூன்று தவணை வரவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. நீக்கித் தீர்மானம் போட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அந்தத் தீர்மானத்தைப் பார்த்து "சரி" என்று சொன்னது நான்தான்.

மூத்தது பெண் பிள்ளை, நாலாம் வகுப்பு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். ஒன்பது வயசுப் பிள்ளை உலை வைத்து, தம்பியைத் தூக்கி, அம்மா வெளியே ஓடிவிடாமல் வாசலில் குறுக்கே படுத்துத் தூங்கியிருக்கிறாள். வகுப்பாசிரியை எனக்குச் சொன்னார். போய்ப் பார்த்தேன், மனசு தாங்கவில்லை. உடனே 1098-க்குப் போன் போட்டேன். நான் படித்தது சமூகப்பணி. குழந்தை ஆபத்தில் இருந்தால் இதுதான் வழி என்று படித்திருக்கிறேன். வந்தார்கள், பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தினார்கள். 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். பெண் பிள்ளையை ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள், கைக்குழந்தையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். நான் ரிப்போர்ட்டில் "குழந்தை மீட்கப்பட்டது" என்று எழுதி, நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் கிராம சுகாதார செவிலியர் அந்தத் தங்கச்சியைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மாவட்ட மனநலத் திட்ட டாக்டரிடம் காட்டியிருந்தார். மாத்திரை ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் தூங்கவும் தொடங்கியிருந்தாள். அந்த நேரத்தில் நான் போய்ப் பிள்ளையை எடுத்தேன். அவளுக்கு எப்படித் தெரியும்? "மாத்திரை வாங்கப் போனதாலதான் பைத்தியம்னு எழுதிக்கிட்டு எம்புள்ளயப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்று மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து விடியற்காலையில் கிணற்று மேட்டில் நின்றவளைப் பால் கறக்கப் போன ஒருவர் பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். அவர் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இந்தக் கதையை உங்களிடம் சொல்ல முகம் இருந்திருக்காது.

போன் போட்டது தப்பா? இல்லை. அந்தப் பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டது, இன்றைக்கும் போடுவேன். அம்மாவின் டாக்டர் யார் என்று கேட்காமல் போட்டதுதான் தப்பு. டாக்டர் பக்கமும் அதே கதைதான். அவளுக்கு எத்தனை பிள்ளை, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய சீட்டில் நோய் இருந்தது, பிள்ளைகள் இல்லை. என்னுடைய ரிப்போர்ட்டில் பிள்ளை இருந்தது, நோய் இல்லை.

ஏன் இப்படி? மனநலத் திட்டம் சுகாதாரத் துறை. டாக்டர், மனநல ஆலோசகர், சமூகப்பணியாளர், செவிலியர் என்று ஒரு குழு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் இருக்கும். குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வரும். குழந்தைகள் பாதுகாப்பு அலகு வேறு துறை, வேறு கட்டடம். குழந்தைகள் நலக் குழு தலைவரும் நாலு உறுப்பினர்களுமாக இன்னொரு இடத்தில் உட்காரும். ஒருவருடைய ரிஜிஸ்டர் இன்னொருவருக்குத் தெரியாது. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்கிறார்கள். நடுவில் இருக்கிற பாலம் மட்டும் கட்டப்படவில்லை. ஆற்றைக் கடக்கிறது நம்ம ஆள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கைக்குழந்தையை வார்டில் விட மாட்டோம் என்றார்கள். இந்த இடத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த மனநல பராமரிப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சிகிச்சைக்காகத் தங்கியிருக்கும் தாயையும் அவளுடைய மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையையும் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் ஊழியர் மேற்பார்வையில் தாய் பிள்ளையைப் பார்க்க விட வேண்டும். பிரித்த முடிவைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மறுபடி பரிசீலிக்க வேண்டும். இதை மனநலத் திட்டத்தின் சமூகப்பணியாளர்தான் எடுத்துக் காட்டினார். எனக்கே அன்றுதான் தெரியும். சண்டை போடவில்லை, எடுத்துச் சொன்னோம். முதல் பத்து நாள் பகலில் மட்டும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிள்ளையைக் காட்டினார்கள். பிறகு பாட்டியோடு சேர்த்துக் குழந்தையையும் தங்க விட்டார்கள். மாத்திரை சாப்பிடு என்று நாங்கள் பத்துப் பேர் சொன்னதைவிட, அந்தக் குழந்தை மடியில் கிடந்தது அதிகம் வேலை செய்தது.

வீடு திரும்பின பிறகு அடுத்த சிக்கல். தாலுகா ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவது செவ்வாய்க்கிழமை. பெண் பிள்ளை விஷயமாகக் குழந்தைகள் நலக் குழு வரச்சொன்னதும் செவ்வாய்க்கிழமை. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. மாத்திரைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க முடியாது. பிள்ளைக்குப் போனால் மாத்திரை கிடையாது. இரண்டு தடவை பிள்ளைக்குத்தான் போனாள், எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். அங்கே "தாய் ஒழுங்காக சிகிச்சைக்குப் போவதில்லை" என்று குறித்துக்கொண்டார்கள்!

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. மனநலத் திட்ட சமூகப்பணியாளரையும் பாதுகாப்பு அலகில் இருக்கிறவரையும் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒரே மாவட்டத்தில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறவர்கள், அன்றைக்குத்தான் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அரை மணி நேரம்தான் பேசினார்கள். விசாரணை நாள் வியாழனுக்கு மாறியது. டாக்டர் கடிதம் கொடுத்தார். நோயின் பெயரெல்லாம் இல்லை. தாய் சிகிச்சையில் இருக்கிறார், தேறி வருகிறார், பிள்ளையைப் பார்ப்பது இருவருக்கும் நல்லது, வீட்டில் இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை வைத்து முதலில் சனி ஞாயிறு, பிறகு முழுதாக, பிள்ளை வீட்டுக்கு வந்தாள். இல்லம் என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. நான் அதை முதல் வழியாக எடுத்துவிட்டேன்.

பிள்ளை வந்ததும் எல்லாம் சரியாகவில்லை. ராத்திரி பாயை நனைத்தாள். பேச்சே இல்லை. ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "நான் ஸ்கூலுக்குப் போனதாலதான் அம்மாவுக்கு முடியாமப் போச்சா?" யாரும் அவளிடம் அம்மாவுக்கு என்ன நோய் என்று சொல்லவே இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று நாம் நினைக்கிறோம். அது தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறது. ஆலோசகர் அவளை நாலைந்து முறை பார்த்தார். அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தையை உங்களுக்கும் சொல்கிறேன்: "அம்மாவுக்கு வந்தது காய்ச்சல் மாதிரி ஒரு நோய். உன்னால வரல. டாக்டர் பாத்துக்கிறார். நீ விளையாடலாம்."

நிதி ஆதரவுத் திட்டம் என்று ஒன்று உண்டு. மிஷன் வாத்சல்யாவில் 2022 முதல் மாதம் 4,000 ரூபாய் ஒரு பிள்ளைக்கு. கிராமமானால் வருட வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். பெற்றோர் நோயால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கிடைத்துவிடாது, கிடைப்பவர்களுக்கும் உடனே வராது. இந்தப் பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை குழுதான் தாங்கியது.

ஆமாம், நீக்கின அதே குழுதான். விஷயம் தெரிந்ததும் ஊக்குநர் அக்கா தீர்மானத்தைத் திருப்பி எழுதினார். ஆறு மாதம் அசலுக்கு அவகாசம். ஆஸ்பத்திரி நாளில் கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடுகிறதே, அதைப் பொது நிதியிலிருந்து கொடுத்தார்கள். முறை வைத்துப் போனார்கள். இதில் ஒன்று: தீர்மான நோட்டில் மனநோய் என்று எழுதாதீர்கள். தணிக்கைக்கு, வங்கிக்கு என்று அந்த நோட்டு பத்துக் கைக்குப் போகும். "உடல்நலக் குறைவு" என்றாலே போதும்.

மாத்திரை ஆரம்பித்தவுடன் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், எப்போதும் தூக்கமாக வரும். "மருந்து சேரல" என்று நிறுத்தச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், வேறு மாத்திரை தருவார். நன்றாகிவிட்டதே என்று தானாக நிறுத்தினாலும் நோய் திரும்பும். கூடப் போகிறவர் கேட்க வேண்டியது மூன்றே கேள்விதான்: அடுத்து என்றைக்கு வரணும், எது நடந்தால் உடனே வரணும், பிள்ளைகளை இவள் தனியாகப் பார்த்துக்கொள்ளலாமா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

போன் நம்பர் இரண்டு. பிள்ளைக்கு 1098, மனசுக்கு 14416. இரண்டும் இலவசம், இரவு பகல் எடுப்பார்கள். ஒன்றில் பேசும்போது மற்றதையும் சொல்லுங்கள். "அம்மாவுக்கு இந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்குது" என்று 1098-ல் சொல்லுங்கள். "வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கு" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறது, அதில் சுய உதவிக் குழுவுக்கும் இடம் உண்டு. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல் இந்தப் பேச்சை அங்கே எடுங்கள்.

பேசி முடித்து உட்காரலாம் என்று இருந்தேன். டீ இடைவேளையில் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் தெருவில் ஒரு பெண்ணை மாட்டுக் கொட்டகையில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன என்றார். "யாருகிட்டயும் சொன்னதில்ல, அவங்க வீட்டு மானம் போயிருமேன்னு" என்றார். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களையும் வீட்டார்தான் கொண்டுபோய் விட்டார்கள், குணமாகட்டும் என்ற ஆசையில். இன்றைக்குச் சங்கிலி போடுவது சட்டப்படி கூடாது. ஆனால் போலீஸைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நிற்கப் போவதில்லை நான். ஒருமுறை அவசரப்பட்டது போதும்.

அந்த அக்காவிடம் கேட்டேன்: அந்த வீட்டில் யார் சொன்னால் கேட்பார்கள்? மாமியார் பேச்சுத்தான் செல்லும் என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு அந்த மாமியாரைப் பார்க்கப் போகிறோம், நானும் அக்காவும் கிராம சுகாதார செவிலியரும். மனநலத் திட்டத்திற்கும் பாதுகாப்பு அலகுக்கும் இப்போதே இரண்டு போனும் போட்டுவிட்டேன், ஒரே நேரத்தில். கூட வர விருப்பமுள்ளவர் யாராவது ஒருவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். ஒருவர் போதும், கூட்டமாகப் போனால் கதவைச் சாத்திவிடுவார்கள்.